கார் வாங்கலாமா? – ஒரு வங்கிக்காரனின் கணக்கு

(முன்னாள் மாணவர் சங்கப் பொதுக் கூடலின் மாலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் 1983–86 பி.எஸ்ஸி. கணிதப் பிரிவு மாணவர். வங்கி அதிகாரியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)



செயலாளர் போன் பண்ணி, "நீ ஏதாவது பேசணும்டா, இருபது நிமிஷம்" என்றார். "என்ன தலைப்பு?" என்றேன். "உனக்குத் தெரிஞ்சது எதுவானாலும்" என்றார். எனக்குத் தெரிந்தது வட்டிக் கணக்கு. அதைப் பேசினால் நீங்கள் எல்லோரும் எழுந்து டிபன் பந்திக்குப் போய்விடுவீர்கள். ஆகவே, வட்டிக் கணக்கும் வரவேண்டும், நீங்களும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று யோசித்து, கார் விஷயத்தை எடுத்துக் கொண்டேன். இன்று இதை எடுத்துக் கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் 1983 ஜூலையில் இந்தக் கல்லூரியில் சேர்ந்தோம். அப்போது கல்லூரிக்குள் வரும் கார்கள் மொத்தம் இரண்டோ மூன்றோதான். பேராசிரியர்களில் பாதிப் பேர் சைக்கிள். வசதியானவர்கள் ஸ்கூட்டர். அந்த ஸ்கூட்டருக்கும் பதிவு பண்ணிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கார் என்றால் அம்பாசிடர், இல்லாவிட்டால் பியட் என்று நாம் சொல்லிக் கொண்டிருந்த பிரீமியர் பத்மினி. அதே 1983 டிசம்பரில்தான் டெல்லியில் முதல் மாருதி 800 காரின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி ஒருவர் கையில் கொடுத்தார். விலை ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய். ஹாஸ்டல் பொது அறையில் செய்தித்தாளில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது காரா, மூடி போட்ட ஆட்டோவா?" என்று சிரித்தோம். சிரித்தவர்களில் பத்துப் பேராவது பின்னால் அதே வண்டியை வாங்கினோம். நான் வாங்கியது 1999-இல், இரண்டாம் கை வண்டி.

இன்று பார்க்கிறேன், நாம் கிரிக்கெட் ஆடிய மைதானத்தின் பாதி முழுக்கக் கார்கள். அம்பாசிடரும் மாருதி 800-ம் 2014-லேயே உற்பத்தி நின்றுவிட்ட வண்டிகள். வந்து நிற்பவையெல்லாம் பெரிய பெரிய வண்டிகள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்திலிருந்து தொங்கிக்கொண்டு வந்த பசங்கள் இன்று ஏ.சி. போட்டுக்கொண்டு வருகிறோம். வளர்ந்திருக்கிறோம். ஆனால் அந்தக் கார்களில் சிலவற்றுக்கு நானே கடன் போட்டுக் கொடுத்தவன். அதனால் சந்தோஷத்தோடு கொஞ்சம் கணக்கும் ஞாபகத்துக்கு வருகிறது.

போன மாதம் என் தங்கை மகன் பேசினான். சென்னையில் வேலை. ஆலந்தூரில் வீடு, தேனாம்பேட்டையில் ஆபீஸ். மெட்ரோவில் ஏறினால் ஒரே வண்டியில் போய் இறங்கிவிடலாம். "மாமா, கார் வாங்கலாம்னு இருக்கேன். கூட வேலை பாக்கறவங்க எல்லாரும் வாங்கிட்டாங்க. ஈ.எம்.ஐ. பன்னிரண்டாயிரம்தான் வருது. வாங்கட்டுமா?" என்றான்.

"முதல்ல உனக்குக் கார் ஓட்டத் தெரியுமாடா?" என்றேன்.

"வாங்கினப்புறம் கத்துக்கலாம் மாமா."

இங்கேதான் நம்மில் பலர் தப்புப் பண்ணுகிறோம். கார் ஓட்டக் கற்பதும் கார் வைத்திருப்பதும் ஒரே கேள்வி என்று நினைக்கிறோம். அவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். ஒன்று ஒருமுறைச் செலவு. மற்றது மாதாமாதம் வாயைத் திறக்கும் செலவு. ஒன்று கையோடு வரும் வித்தை. மற்றது வீட்டு வாசலில் நின்று தேயும் பொருள். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் இரண்டாவது கேள்வி. கணக்குப் போடுவோம். மாணவர்கள் மனக்கணக்காகவே போடலாம். செல்போனை எடுக்க வேண்டாம்.

என் மருமகன் பார்த்த கார், வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ரோட்டுக்கு வரும்போது எட்டு லட்சம். இரண்டு லட்சம் கைப்பணம். ஆறு லட்சம் கடன். ஒன்பது சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்று வைத்தால் மாதத் தவணை 12,455 ரூபாய். அவன் சொன்ன பன்னிரண்டாயிரம் சரிதான். அறுபது மாதம் கட்டி முடித்தால் 7,47,300. அதாவது வட்டி மட்டும் சுமார் ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. சரியாகச் சொன்னால் 1,47,300.

(இங்கே ஒரு பேராசிரியர் முன்வரிசையிலிருந்து, "அது ஒன்றரை லட்சத்துக்குக் கம்மி" என்று திருத்தினார். 1986-க்குப் பிறகு மறுபடி ஒரு மதிப்பெண் குறைந்தது.)

நன்றி ஐயா. ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. எட்டு வருஷம் வைத்திருந்து விற்கிறான், இரண்டரை லட்சம் கிடைக்கிறது என்று வையுங்கள். வண்டியில் தேய்ந்தது ஐந்தரை லட்சம். வட்டியும் சேர்ந்தால் ஏறத்தாழ ஏழு லட்சம். எட்டால் வகுத்தால் வருஷத்துக்கு 87,000 ரூபாய். வண்டி ஓர் அங்குலம் நகராவிட்டாலும் இது போய்க் கொண்டுதான் இருக்கும்.

"தேய்மானம் எல்லாம் நீங்க பேப்பர்ல போடற கணக்கு" என்று என்னிடம் நிறையப் பேர் வாதாடியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். வண்டியின் மதிப்பு என்று ஒரு தொகை போட்டிருப்பான். ஷோரூமை விட்டு வெளியே வந்த ஆறு மாதத்துக்குள்ளேயே ஐந்து சதவீதம் கழிவு; ஆறு மாதம் தாண்டினால் பதினைந்து; ஒரு வருஷம் தாண்டினால் இருபது; நான்கு முடிந்து ஐந்தாவது வருஷத்தில் பாதிதான். வண்டி திருடு போனால் அந்தத் தொகையை வைத்துத்தான் கையில் கொடுப்பான். பேப்பர் கணக்கு இல்லை, பணக் கணக்கு.

அடுத்தது, இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், பேட்டரி, புகைச் சான்று, எவனோ உரசிவிட்டுப் போனதற்கு டிங்கரிங், பெயின்டிங். எல்லாம் சேர்த்து வருஷம் முப்பதாயிரம் என்று வைக்கிறேன். ஆக, நிலைச் செலவு 1,17,000.

இனி பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய், ஊருக்குள் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்று போடுவோம். வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோல் 53,000 ரூபாய். மொத்தம் 1,70,000. மாதம் பதினாலாயிரத்துக்கு மேல். கிலோமீட்டருக்கு 21 ரூபாய் சில்லறை. சுங்கச்சாவடிக் கட்டணமும், அபார்ட்மென்டில் கார் நிறுத்தக் கொடுக்கும் வாடகையும் இதில் சேரவில்லை. தவணை ஓடும் ஐந்து வருஷமும் கையை விட்டுப் போகும் பணத்தைப் பார்த்தால் மாதம் 19,000-க்கு மேல் வரும். "ஈ.எம்.ஐ. பன்னிரண்டாயிரம்தான்" என்ற பேச்சில் மீதி ஏழாயிரம் ஒளிந்து கொண்டிருக்கிறது.

சரி, மெட்ரோவில் ஆபீஸ் போகிறவன் வருஷத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் எங்கே ஓட்டுவான்? ஞாயிற்றுக்கிழமை மெரினா, எப்போதாவது மகாபலிபுரம், ஒரு கல்யாணம், ஒரு வளைகாப்பு. மூவாயிரம் வந்தால் அதிகம். அப்போது கணக்கு என்ன ஆகிறது? நிலைச் செலவு அப்படியே 1,17,000. பெட்ரோல் 20,000. மொத்தம் 1,37,000. மூவாயிரத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 45 ரூபாய் சில்லறை. குறைவாக ஓட்டினால் செலவு குறையும் என்று நினைக்கிறோம். மொத்தச் செலவு கொஞ்சம் குறையும். ஆனால் போகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டு மடங்கு கொடுக்கிறோம். உறை போட்டு மூடி வாசலில் நிற்கும் காரைவிட விலை உயர்ந்த கார் இல்லை.

கூப்பிட்டால் வரும் டாக்ஸிக்குக் கிலோமீட்டர் 25 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், வருஷம் சுமார் 6,400 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால்தான் சொந்தக் கார் லாபம். அதாவது மாதம் ஐந்நூற்று முப்பதுக்கு மேல். இந்த எண்கள் என் மருமகனுடையவை. உங்கள் வண்டி விலை, உங்கள் ஊர் டாக்ஸி வாடகை, உங்கள் ஓட்டம் எல்லாம் வேறாக இருக்கும். எண்ணை மாற்றிக் கொள்ளுங்கள், முறை மாறாது. மேனேஜர் முன்னால் கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய நாள் இரவு, வீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து இந்த ஒரு பக்கக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். நான் கடன் கொடுத்த முப்பத்தேழு வருஷத்தில் இந்தக் கணக்கோடு வந்தவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

ஆனால் எல்லாவற்றையும் கிலோமீட்டர் கணக்கில் அளக்க முடியுமா? முடியாது. அதையும் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

என் அம்மாவுக்கு 2017-இல் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். ஸ்ரீரங்கத்தில் வீடு, ஆஸ்பத்திரி தில்லைநகரில். தூரம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் நான்கு மணி நேரம் படுத்துவிட்டு எழுந்து வருகிற எழுபத்தெட்டு வயது அம்மாவுக்கு ஆட்டோவின் படியில் கால் தூக்கி வைப்பதே மலை ஏறுவது போல. காவிரிப் பாலத்தில் ஆட்டோ குலுங்கும்போது என் கையைப் பிடித்துக் கொள்வார். அந்த இரண்டரை வருஷமும் காரின் முன் சீட்டைப் பின்னால் சாய்த்து, ஒரு தலையணை வைத்து, அதில் படுத்தபடியேதான் வந்து போனார். அந்த ஓட்டத்தை வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு எவ்வளவோ வந்திருக்கும். நான் வகுத்துப் பார்க்கவில்லை. வீட்டில் முடியாதவர்கள் இருக்கிறார்களா, மாற்றுத் திறனாளிக் குழந்தை இருக்கிறதா, பஸ் வராத ஊரா, இரவு ஷிப்டா – அந்த வீட்டுக்குக் கார் ஆடம்பரம் இல்லை. அது வீட்டு ஆள் மாதிரி.

அந்தக் காரை ஓட்டியது யார் என்று கேளுங்கள். நான் இல்லை. பகல் பதினொரு மணிக்கு பேங்கை விட்டு எப்படி வருவேன்? ஓட்டியது என் மனைவி. அவர் கற்றுக் கொண்டது நாற்பத்தாறாவது வயதில். அந்தக் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் முதல் கேள்விக்குப் பதில்.

முதலில் நானே கற்றுக் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் சமையல் நின்றது. சகோதரிகளே, தயவுசெய்து கணவரிடம் கார் கற்காதீர்கள். நண்பர்களே, தயவுசெய்து கற்றுக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "பிரேக், பிரேக்!" என்று கத்துவது பாடம் ஆகாது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பக்கத்தில் இருக்கும் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். அதனால் அவருக்குக் கத்த வேண்டிய அவசியம் இல்லை. அவர் என் மனைவியிடம் சொன்னாராம்: "அம்மா, கிளட்சை விடறது கோழிக்குஞ்சைக் கையிலேருந்து தரையில விடற மாதிரி. பொத்துனு போடக் கூடாது." அவ்வளவுதான். நான் மூன்று நாள் கத்தியும் வராதது, ஒரு கோழிக்குஞ்சில் வந்துவிட்டது. மேம்பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி, வண்டி பின்னால் சரியாமல் எடுக்கக் கற்றுக்கொண்டு வந்த அன்று வீட்டில் கேசரி.

அதற்குப் பிறகு அவர் நடையே மாறியது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். "யாராவது கொண்டு போய் விடுங்களேன்" என்ற பேச்சு வீட்டில் நின்றது. இந்தக் கல்லூரியில் இன்று படிக்கும் மாணவிகளுக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது எத்தனை பெண்களை வீட்டை விட்டு வெளியே வேலைக்கும் படிப்புக்கும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்பது பஸ்ஸில் ஏறிப் பார்த்தாலே தெரியும். வண்டி ஓட்டத் தெரிவதும் அதைப் போலத்தான். பிறர் தயவு இல்லாமல் போய் வர ஒரு வழி. கார் வாங்குகிறீர்களோ இல்லையோ, ஓட்டக் கற்றுக் கொள்ளுங்கள்.

பதினெட்டு வயது நிறைந்தால் எல்.எல்.ஆர். எடுக்கலாம். அது ஆறு மாதம் செல்லும். எடுத்து முப்பது நாள் கழித்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கலாம். முப்பது வயதுக்குள் எடுத்தால் நாற்பது வயது வரை மறுபடி அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. பிழைப்புக்கும் உதவும். இலகு ரக வாகன லைசென்ஸ் இருப்பவர் 7,500 கிலோவுக்குக் குறைந்த சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது. படித்த படிப்புக்கு வேலை தாமதமானால், கையில் ஒரு தொழில் இருக்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. முதலாம் ஆண்டில் பதினேழு வயதுப் பிள்ளைகள் இருக்கிறீர்கள். "ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்டா" என்று சீனியரின் வண்டியை வாங்காதீர்கள். சீனியரே, நீயும் கொடுக்காதே. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு நிறையாதவர் ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஓட்டிய பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது.

இன்னொரு நம்பிக்கையையும் தொட்டுவிட்டுப் போகிறேன். "ராத்திரி அவசரம்னா கார் இருந்தாத்தான் சார்" என்று கடன் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் சொன்ன காரணம் இது. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலி என்றால், கை நடுங்க நீங்கள் கார் ஓட்டுவது அவசர உதவி அல்ல. நெஞ்சு வலிக்கிறவரே ஓட்டிக்கொண்டு போவது அதைவிட மோசம். 2008 முதல் நம் மாநிலத்தில் 108 இருக்கிறது. அதில் ஆக்சிஜன் இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறார். உங்கள் காரில் அவை இல்லை. முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் எட்டு லட்சம் போட வேண்டாம்.

எங்கள் செட்காரர்களுக்கு மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. கற்பது, வாங்குவது போக, எப்போது நிறுத்துவது? ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்டால் லைசென்சை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்கிறது சட்டம். கூடவே டாக்டர் சான்று. அந்தச் சான்றில் ஒரு கேள்வி இருக்கிறது: நல்ல பகல் வெளிச்சத்தில் இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? டாக்டர் கையெழுத்துப் போடட்டும், போடாமல் போகட்டும். நாளைக் காலையில் நீங்களே தெருவில் நின்று படித்துப் பாருங்கள். எனக்குப் போன வருஷம் 3, 8 இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது. கண்புரை. ஆபரேஷன் ஆகும் வரை சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். கௌரவக் குறைச்சலாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

இப்போது, ஆரம்பத்தில் சொன்ன அந்த இன்னொரு காரணம்.

2014-இல் இதே மண்டபத்தில் எங்கள் செட் கூடியது. வந்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சென்னையிலிருந்து ஒருவன் புதுக் காரில் வந்தான். பெயர் சொல்ல வேண்டாம்; அவன் குடும்பத்தார் இந்த மலரைப் படிப்பார்கள். விடியற்காலை புறப்பட்டு, முந்நூற்று முப்பது கிலோமீட்டர் தானே ஓட்டிக்கொண்டு வந்தான். பகல் முழுக்கப் பேச்சு, பாட்டு, சாப்பாடு. குடிக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. இரவு பத்தரை மணிக்கு, "காலையில மீட்டிங் இருக்குடா, கிளம்பறேன்" என்றான். "ஆக்டிங் டிரைவர் போட்டுக்கோயேன்" என்று ஒருவன் சொன்னான். "ஆயிரம் ரூபாய் பேட்டா கொடுத்து எவனோ என் வண்டியை ஓட்டறதா?" என்று சிரித்தான். நாங்களும் சிரித்தோம்.

தூக்கம் வரக் கூடாதே என்று, மெஸ்ஸில் சொல்லி, பிளாஸ்க் நிறையக் காபி வாங்கி அவன் கையில் கொடுத்தவன் நான்.

விடிவதற்கு முன், ரோட்டோரம் நின்று கொண்டிருந்த லாரியின் பின்னால் போய் மோதியது வண்டி. பிரேக் போட்ட தடமே இல்லை என்றார்கள். தூங்கியிருக்கிறான். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி இருபத்திரண்டு மீட்டர் போகும். நான்கு நொடி கண் அயர்ந்தால் எண்பத்தெட்டு மீட்டர். இந்த மண்டபத்தைப் போல இரண்டு மண்டப நீளம், ஓட்டுகிற ஆளே இல்லாமல் வண்டி போகிறது. நல்ல ஓட்டுநர், புது வண்டி, நல்ல ரோடு. மூன்றும் அவனுக்கு உதவவில்லை.

2022-ஆம் ஆண்டு நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. அந்த மாதிரி எண்ணைப் படிக்கும்போது எனக்கு எண் தெரிவதில்லை. ஒரு பிளாஸ்க் தெரிகிறது. காபியைக் கொடுத்ததற்குப் பதிலாக அவன் சாவியை வாங்கி வைத்திருக்கலாமே என்று இத்தனை வருஷமும் நினைத்துக் கொண்டிருக்கிறேன். சாவியைக் கேட்டிருந்தால் கோபித்துக் கொண்டிருப்பான். கோபித்துக் கொண்டு, காலையில் மெஸ்ஸில் எங்களோடு இட்லி சாப்பிட்டிருப்பான்.

ஆகவே நண்பர்களே, கார் வைத்திருப்பதன் உண்மையான விலை தவணையிலும் பெட்ரோலிலும் முடிவதில்லை. ஓட்டுகிற நாளெல்லாம் ஓட்டத் தகுதியாக இருக்க வேண்டிய பொறுப்பும் அதில் சேர்ந்தது. அதைக் கட்ட முடியாத அன்று வண்டியை எடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

என் தீர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டக் கற்பது, ஆணோ பெண்ணோ, கட்டாயம் செய்ய வேண்டியது. முறையான மாஸ்டரிடம், அவசரமில்லாமல். வாங்குவது, கணக்குப் போட்டுப் பார்த்து. மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டம் இருந்தால், அல்லது வீட்டில் முடியாதவர் இருந்தால் வாங்கலாம். அடுத்த வீட்டுக்காரன் வாங்கினான் என்பதற்காக வேண்டாம். வாங்கிய பிறகும் பஸ்ஸையும் ரயிலையும் மறக்க வேண்டாம். இரவு ஓட்டம், நீண்ட ஓட்டம் என்றால் ஆக்டிங் டிரைவருக்குப் பேட்டா கொடுக்கத் தயங்காதீர்கள். நீங்கள் கட்டுகிற எல்லாப் பிரீமியத்திலும் அதுதான் மலிவு.

மருமகன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். காரைத் தள்ளிப் போட்டிருக்கிறான். அவனும் அவன் மனைவியும் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறார்கள், வேறு வேறு நேரத்தில். தவணைக்கு ஒதுக்கிய பன்னிரண்டாயிரத்தை மாதாமாதம் சேமிப்பில் போடுகிறான். இரண்டு வருஷம் கழித்து, குழந்தை குட்டி ஆன பிறகு வாங்கினால் கடன் பாதியாகக் குறையும். வங்கிக்குத்தான் நஷ்டம். ஓய்வு பெற்றுவிட்டதால் எனக்குக் கவலையில்லை.

கடைசியாக ஓர் அறிவிப்பு. இது செயலாளர் என்னிடம் ஒப்படைத்தது. இன்று இரவு ஹாஸ்டலின் பழைய பிளாக்கில் நாற்பது கட்டில்கள் போட்டு, பாய் தலையணை வைத்திருக்கிறோம். குடும்பத்தோடு வந்தவர்களுக்கு விருந்தினர் விடுதியில் அறைகள் இருக்கின்றன. வாசலில் மேஜை போட்டு இரண்டு மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியவர்கள் கார் சாவியை அந்த மேஜையில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக் கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு, காபி குடித்த பிறகு சாவி கிடைக்கும். அதற்கு முன் கேட்டால் கொடுக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். யார் கேட்டாலும், எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் கொடுக்காதீர்கள், தம்பிகளா. திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள்.

முதல் சாவி இதோ, என்னுடையது. ஸ்ரீரங்கம் பக்கத்தில்தானே என்பீர்கள். இருந்தாலும் பழைய பிளாக்கில் இன்னொரு ராத்திரி படுத்துப் பார்க்க ஆசை. மூட்டைப்பூச்சி இன்னும் இருக்கிறதா என்று தெரிய வேண்டும்.